தனுஷாவுக்கு சிக்னல் வரவில்லை

நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்புவதென்றால் தலை நிறைய எண்ணெய் வைத்து, படிய வாரி, பெண் பிள்ளையாக இருந்தால் பூவும் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். நாவல்கொட்டாயில் இதற்கு மாற்றுப் பேச்சே கிடையாது. இலக்கியா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று மூன்று முறை சொல்லியிருந்தாள்: முந்தின நாளே சீயக்காய் போட்டு அலசிவிடுங்கள், காலையில் எண்ணெய் வேண்டாம், பின்னல் வேண்டாம், பூ வேண்டாம். எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள். மறுநாள் காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஐந்து பிள்ளைகளின் தலையும் வெயிலில் மினுமினுத்தது.

"எண்ணெ வைக்காதீங்கன்னு சொன்னனே ஜெயம்மாக்கா."

"வைக்கலியே மேடம்," என்றாள் தங்கை மகளைக் கூட்டி வந்திருந்த ஜெயம்மாள்.

"அப்ப இது இன்னா?"

"இது சும்மா தொட்டு வெச்சது. வெறுந்தலையோட அனுப்புனா, கேக்க நாதியில்லாத புள்ளன்னு நெனச்சிக்க மாட்டாங்களா?"

இலக்கியா பையிலிருந்து சீப்பையும் பஞ்சையும் எடுத்தாள். ஐந்து தலைகளையும் துடைத்து முடிக்க ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. அதன் பிறகுதான் கருவியையே வெளியே எடுக்க முடிந்தது.

அவள் மணலூர்பேட்டைப் பெண். அப்பா தெய்வசிகாமணிக்கு ஒரு ஏக்கர் கரும்பு, அரை ஏக்கர் நெல், இரண்டு பெண்கள். மூத்தவள் செந்தமிழ்ச்செல்வி பத்தாவதோடு நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டாள். இளையவள் இலக்கியா கள்ளக்குறிச்சியில் இயற்பியல் படித்தாள். அந்த வருஷம் அந்தத் தெருவிலிருந்து இயற்பியல் எடுத்தது அவள் ஒருத்திதான். சின்ன வயதிலிருந்தே வீட்டில் மிக்சியோ மோட்டார் ஸ்டார்ட்டரோ கெட்டுப்போனால் அவள்தான் பிரிப்பாள். கழற்றிய திருகுகளைத் தட்டில் வரிசையாக வைத்து, கழற்றிய வரிசைப்படியே திரும்ப மாட்டுவாள். ஒரு திருகு மிஞ்சியது என்று யாரும் சொன்னதில்லை. கல்லூரி முடித்து ஆஸ்பத்திரிக் கருவிகள் பற்றி ஒரு வருஷப் படிப்பும் படித்தாள். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் அவளை வேலைக்கு எடுத்தது அந்தக் கை ஒழுங்குக்காகத்தான் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

வேலை இதுதான். வெளிச்சத்தை வைத்து மூளை எப்படி உழைக்கிறது என்று பார்ப்பது. நீச்சல் தொப்பி மாதிரி ஒரு கறுப்புத் தொப்பி. அதில் பதினாறு குமிழ்கள். எட்டுக் குமிழ் வெளிச்சம் விடும், எட்டுக் குமிழ் வாங்கும். இருட்டில் டார்ச்சை விரலுக்கு அடியில் பிடித்தால் சதை சிவப்பாகத் தெரியும் இல்லையா, அதுபோல இந்த வெளிச்சம் தோலையும் மண்டையோட்டையும் தாண்டிக் கொஞ்ச தூரம் உள்ளே போய்த் திரும்பும். மூளையில் வேலை நடக்கிற இடத்துக்கு ரத்தம் ஜாஸ்தியாக ஓடும். ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் வெளிச்சத்தை ஒருவிதமாக விழுங்கும், ஆக்சிஜன் குறைந்த ரத்தம் இன்னொருவிதமாக விழுங்கும். திரும்பி வருகிற வெளிச்சத்துக்கு லேப்பில் சிக்னல் என்று பெயர்; அதை அளந்தால் எந்த இடம் உழைக்கிறது என்று தெரிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை, சூடுகூட இல்லை.

ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குத் தொப்பியை மாட்டி, காதில் ஒரு கதையை ஓடவிடுவார்கள். அதே கதை இரண்டு விதமாக வரும். ஒன்றில் நரி "வூட்டுக்குப் போய்க்கினு இருந்துச்சு". மற்றதில் நரி "வீட்டிற்குச் சென்றுகொண்டிருந்தது". வீட்டுப் பேச்சைக் கேட்கும்போது மூளை எவ்வளவு உழைக்கிறது, புத்தகத் தமிழைக் கேட்கும்போது எவ்வளவு உழைக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும்.

போதும் என்பது தலையில் முடி இல்லாதவர்களுக்கு. கறுத்த முடி வெளிச்சத்தைக் குடித்துவிடும். ஒவ்வொரு குமிழுக்கு அடியிலும் முடியை ஒதுக்கி, தோல் தெரிகிற மாதிரி செய்ய வேண்டும். பதினாறு குமிழ், பதினாறு இடம். வெளிச்சம் விடுகிற குமிழும் வாங்குகிற குமிழும் சேர்ந்த ஜோடிக்கு ஒன்றாகக் கம்ப்யூட்டர் திரையில் இருபது புள்ளிகள் இருக்கும். வெளிச்சம் ஒழுங்காகத் திரும்பினால் பச்சை, அரைகுறை என்றால் மஞ்சள், வரவேயில்லை என்றால் சிவப்பு. பிள்ளை ஒரு தரம் தலையைச் சொறிந்தால் நாலு பச்சை சிவப்பாகிவிடும். மறுபடி முதலிலிருந்து.

நாவல்கொட்டாய் கோமுகி அணைக்கு மேற்கே, மலை சரிந்து இறங்குகிற இடத்தில் இருக்கிறது. இலக்கியா கச்சிராயபாளையத்தில் அறை எடுத்துக்கொண்டு தினமும் ஸ்கூட்டியில் வருவாள். அந்த ஊரிலும் பக்கத்துக் கொட்டாய்களிலுமாக முப்பத்தாறு பிள்ளைகளை எடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் இந்த இடத்தை ஆராய்ச்சியிலேயே சேர்க்க மாட்டார்கள்; இந்த இடம் போனால் இலக்கியாவின் வேலையும் போகும். அதற்குக் கெடு வைத்தது ஆராய்ச்சிக்கூடம் அல்ல, கரும்பு. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் வெட்டு தொடங்கியதும் கூலிக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி டிராக்டர் அனுப்புவார். குடும்பங்கள் பிள்ளைகளோடு ஏறிப் போய்விடும். டிசம்பர் மூன்று, புதன்கிழமை வண்டி வரும் என்று சொல்லிவிட்டார்கள். நவம்பர் இருபத்து நாலாம் தேதி திங்கட்கிழமை வரை முடிந்தது இருபத்தொன்று.

அந்தத் திங்கட்கிழமைதான் தனுஷா வந்தாள்.

பாவாடைக்கும் பாப்பாத்திக்கும் ஒரே மகள். ஏழு வயது. முதுகில் பாதிவரை சுருட்டை முடி, கை வைத்தால் கை உள்ளே போய்விடும். இலக்கியா ஐம்பது நிமிடம் போராடினாள். ஒரு பக்கம் ஒதுக்கினால் மறுபக்கம் சுருண்டு வந்து மூடியது. பெண் பொறுமையாகத்தான் உட்கார்ந்திருந்தாள். கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இருபதில் பதினேழு சிவப்பு.

இதைச் சென்னைக்குச் சொல்ல வேண்டும். நாவல்கொட்டாயில் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று: தண்ணீர்த் தொட்டியின் இரும்புப் படிக்கட்டில் நாலாவது படி. கீழே ஊர்க் குழாய். யார் யாரோடு என்ன பேசினாலும் குடம் வைத்துக் காத்திருக்கிறவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். இலக்கியா நாலாவது படியில் ஏறி, மேலதிகாரி அறிவுச்செல்வனைக் கூப்பிட்டாள். லைன் விட்டுவிட்டு வந்ததால் கொஞ்சம் உரக்கவே பேசினாள்.

"சார், தனுஷாவுக்கு சிக்னலே வரல... இல்ல சார், சுத்தமா இல்ல. ரெண்டு தடவ பாத்துட்டேன்... சரி சார், இந்தப் பொண்ண விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடறேன்."

கீழே ஜெயம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் நின்றார்கள். குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை. இலக்கியா அதைக் கவனித்தாள், ஆனால் தண்ணீர் வீணாகிறதே என்றுதான் நினைத்தாள்.

சிக்னல் இருக்கிறதா இல்லையா என்பது அந்த ஊரில் சாதாரணக் கேள்வி இல்லை. சிக்னல் இல்லாத போன் வெறும் டப்பா. பொழுது சாய்வதற்குள் பாப்பாத்தி மகளுக்கு மண்டையில் சிக்னல் இல்லை, மிஷின் வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், மெட்ராசுக்கும் போன் பண்ணிச் சொல்லியாகிவிட்டது என்று எல்லா வீட்டுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு பிள்ளைகூட வரவில்லை. இலக்கியா தன் நோட்டில் தேதி எழுதி, வந்தவர் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டாள். புதனும் பூஜ்யம். பள்ளிக்கூடத்தில் ஜெயம்மாளின் மகன் ஆகாஷ் கையைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ தனுஷா, கேக்குதா? டவர் கெடைக்கலியா?" என்று கேட்டிருக்கிறான். தனுஷா அவன் கையைப் பிடித்துக் கடித்துவிட்டு வீட்டுக்குப் போனவள் திரும்பப் பள்ளிக்கூடம் வரவில்லை.

ஜெயம்மாளை வழியில் மடக்கினாள் இலக்கியா. "ஏங்க்கா யாரும் வரல?"

"எங்க புள்ளைங்க எப்பிடியோ வளருது மேடம். உள்ள இன்னா இருக்கு, இன்னா இல்லன்னு தெரிஞ்சி நாங்க இன்னா பண்ணப் போறோம்?"

"சிக்னல் இல்லன்னா மூள இல்லன்னு அர்த்தம் இல்லக்கா."

"அத எங்கிட்ட ஏன் சொல்ற? போன்ல சொல்லும்போதே அதையும் சேத்துச் சொல்லியிருக்கணும்."

வியாழக்கிழமை பாப்பாத்தியைத் தேடிப் போனாள். பாப்பாத்தி ஒருவருடைய காட்டில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தாள். இலக்கியாவைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"வாங்க மேடம். இன்னா, எனக்கும் இல்லன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தீங்களா?"

"நான் அப்பிடிச் சொல்லலக்கா."

"சிக்னல் இல்லன்னு சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன். ஆனா அது..."

"சொன்ன. அவ்ளோதான். நான் ஊரத் திட்டிக்கினு இருந்தேன், பொய் சொல்றாளுங்கன்னு. அவளுங்க பொய் சொல்லல."

"மிஷினுக்குத்தான் வரலக்கா. தனுஷாவுக்கு முடி அடர்த்தி. வெளிச்சம் முடியத் தாண்டி உள்ள போவல. தப்பு முடி மேலதான்."

"முடி மேல பழி போடாத. எனக்கும் இதே முடி, எங்கம்மாவுக்கும் இதே முடி. எனக்கு மிஷினு ஓட்டத் தெரியலன்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

இலக்கியாவுக்குச் சுருக்கென்றது. வேலைக்குச் சேர்ந்த மூன்று வருஷத்தில் அவள் ஓட்டத் தெரியாமல் விட்ட மிஷின் எதுவும் இல்லை. கோபத்தை அடக்கிக்கொண்டு போன் டார்ச்சைப் போட்டாள். பாப்பாத்தியின் முந்தானையை இருவர் கைக்கும் மேல் போர்த்தி இருட்டாக்கி, அவள் விரல்களுக்கு அடியில் வெளிச்சத்தைப் பிடித்தாள். விரல் சிவந்து தெரிந்தது. பிறகு தன் பின்னல் நுனியைப் பிடித்து விரலுக்கும் டார்ச்சுக்கும் நடுவில் திணித்தாள். விரல் இருண்டது. பின்னலை எடுத்தாள், மறுபடி சிவந்தது.

பாப்பாத்தி தானே ஒரு முறை பின்னலைத் திணித்து எடுத்துப் பார்த்தாள். "முடி இல்லன்னா தெரியுமா?"

"நல்லாத் தெரியும்," என்றாள் இலக்கியா. அந்த வார்த்தையை யோசிக்காமல் சொல்லிவிட்டாள். ஒருவருக்குப் புரிந்துவிட்டதே என்ற நிம்மதி அப்போது.

அன்றைக்குக் கச்சிராயபாளையம் திரும்பியதும் அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். செந்தமிழ்ச்செல்வி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "மோட்டாருக்குக் கரண்டு வரலன்னா வரலன்னு சொல்லலாம். பொம்பளப் புள்ள தலையப் பாத்தா சொல்லுவ?"

"லேப்புல எல்லாரும் அப்பிடித்தான்க்கா சொல்லுவாங்க."

"லேப்புல சொல்லு. தண்ணி புடிக்கிற எடத்துல ஏன் சொன்ன?"

"அங்கதான்க்கா சிக்னல் கெடைக்குது."

அக்கா சிரித்துவிட்டாள். இலக்கியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து நாளில் பதினைந்து பிள்ளைகள் என்று நோட்டில் எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் சத்தம் கேட்டது. முன்னால் பாப்பாத்தி வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு தனுஷா. பின்னால் பாதி ஊர். தனுஷாவின் தலையில் ஒரு முடிகூட இல்லை. மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம் பூசியிருந்தது. காதுகள் இரண்டும் தனியாகத் தெரிந்தன.

இலக்கியா வாசலுக்கு ஓடி வந்தாள். "எதுக்குக்கா இப்பிடிப் பண்ணீங்க?"

"நீதான சொன்ன, முடிதான் மறைக்குதுன்னு. கொலதெய்வத்துக்கு வேண்டிக்கினேன், எடுத்தாச்சு. போடு தொப்பிய." பாப்பாத்தி பின்னால் திரும்பி, "எல்லாரும் உள்ள வாங்க. யாரும் வெளிய நின்னு கேட்டுட்டுப் போவ வேணாம்," என்றாள்.

ஒரு பிள்ளையை அளக்கும்போது அறையில் தாயைத் தவிர யாரும் இருக்கக்கூடாது என்பது விதி. இலக்கியா அதைச் சொன்னாள். பாப்பாத்தி, "இல்லன்னு சொன்னது ஊரே கேட்டுச்சு. இருக்குன்னு சொன்னாலும் ஊரே கேக்கட்டும்," என்றாள். அதற்கு எந்த விதியிலும் பதில் எழுதியிருக்கவில்லை. கடைசியில், புள்ளிகள் வருகின்றனவா என்று பார்க்கும் வரை எல்லாரும் இருக்கலாம், கதை தொடங்கும்போது வெளியே போய்விட வேண்டும் என்று ஏற்பாடு. பதினெட்டுப் பேர் சுவரோரம் நின்றார்கள்.

தொப்பியை மாட்டினாள். திரையில் புள்ளிகள் வந்தன. பதினொன்று சிவப்பு.

யாரோ மெல்ல இருமினார்கள். ஜெயம்மாள் பக்கத்திலிருந்தவளை இடித்தாள். பாப்பாத்திக்குத் திரை புரியாது, ஆனால் சிவப்பு புரிந்தது. அவள் முகத்தைப் பார்க்க இலக்கியாவுக்குத் தைரியம் இல்லை. குமிழ் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். குமிழின் வாயில் சந்தனம் அப்பியிருந்தது.

"சந்தனம்க்கா. இத எடுக்கணும்."

"நேத்து முடி. இன்னிக்குச் சந்தனமா? நாளைக்குத் தோலையும் உரிக்கச் சொல்லுவியா?"

"தொடச்சா போதும்."

"சாமி சந்தனத்த ஒரு நாளுகூட ஆவாம தொடைக்கறதா?" என்றாள் ஜெயம்மாள் பின்னாலிருந்து.

அந்தக் குரலைக் கேட்டதும்தான் பாப்பாத்தி அசைந்தாள். தண்ணீர் பாட்டிலை வாங்கி முந்தானையை நனைத்து, மகள் தலையைத் தானே துடைத்தாள். மஞ்சள் தண்ணீர் கழுத்தில் வழிந்தது. தனுஷா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இலக்கியா பதினாறு குமிழையும் ஒவ்வொன்றாகப் பஞ்சால் சுத்தம் செய்தாள். உடைந்த ஜன்னல் கதவு வழியாக வந்த வெயிலைக் கறுப்புத் துணியால் மூடினாள். இரண்டாம் முறை தொப்பியை மாட்டியபோது மணி பத்து நாற்பது. நாலு நிமிடம்கூட ஆகவில்லை. இருபதும் பச்சை.

"சொல்லு," என்றாள் பாப்பாத்தி.

"தனுஷாவுக்கு நல்லா வருது."

"நல்லான்னா எவ்ளோ?"

இலக்கியா பொய் சொல்லத் தெரியாதவள். "இதுவரைக்கும் எடுத்த இருவத்திரண்டு தலையில இதுதான் ரொம்பத் தெளிவா வந்தது," என்றாள். அது உண்மைதான். மொட்டைத் தலை என்பதால் அப்படி வந்தது என்பதும் உண்மைதான், அதையும் சொன்னாள். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. இருபத்திரண்டில் தனுஷாதான் முதல் என்று சொல்லிக்கொண்டே கூட்டம் வெளியே போனது.

சனிக்கிழமை காலை வராந்தாவில் ஏழு பிள்ளைகள். ஐந்து மொட்டை.

இலக்கியா ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே போனாள். "யாருக்கா மொட்ட அடிக்கச் சொன்னது?"

"அடிச்சாத்தான நல்லாத் தெரியும்?" என்றாள் ஜெயம்மாள். ஆகாஷும் மொட்டை. "அவ பொண்ணு மட்டும் மொதல்ல வரணுமா?"

"இதுல மொதல் ரெண்டுன்னு ஒண்ணும் இல்லக்கா. முடியோடவே எடுக்கலாம். நான் கொஞ்சம் கஷ்டப்படணும், அவ்ளோதான்."

"நீ ஏம்மா கஷ்டப்படணும்?"

இலக்கியா தொட்டிப் படிக்கட்டில் ஏறி நின்று, மொட்டை அடிக்க வேண்டாம், முடியோடு வாருங்கள் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அதற்குள் கச்சிராயபாளையத்திலிருந்து முடிவெட்டுகிற அய்யப்பன் வண்டியில் வந்து புளிய மரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார். அவளைப் பார்த்து மரியாதையாக எழுந்து நின்று, "மேடம், நாளைக்கு எத்தினி தலைன்னு சொன்னீங்கன்னா பிளேடு வாங்கிக்கினு வந்துருவேன்," என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றே காலுக்கு முப்பத்தாறாவது பிள்ளை முடிந்தது. கடைசிப் பதினைந்தில் ஒன்பது மொட்டை. அளவுகள் எல்லாம் போய்ச் சேர்ந்ததும் அறிவுச்செல்வன் கூப்பிட்டார். இலக்கியா நாலாவது படியில் நின்று எடுத்தாள். இந்த முறை குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அளவு ரொம்ப நல்லா வந்திருக்கு, இலக்கியா. இந்த இடத்தைச் சேர்த்துட்டோம். ஆனா போட்டோவுல இத்தனை பேர் மொட்டையா இருக்காங்களே. நீங்க அடிக்கச் சொன்னீங்களா?"

"இல்ல சார். அடிக்க வேணாம்னு சொன்னேன்."

"அப்புறம் ஏன் அடிச்சாங்க?"

"வேணாம்னு சொன்னேன் சார், அதான்."

அறிவுச்செல்வன் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, நெறிமுறைக் குழுவுக்கு விளக்கம் எழுதித் தர வேண்டும், இரண்டு பக்கத்துக்குக் குறையக்கூடாது என்றார். வேலை தப்பியது; விளக்கம் எழுதுகிற வேலை கூடியது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து ஒன்பது பிள்ளைகளின் எண், தேதி, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று வரிசைப்படி எழுதினாள். சந்தனத்தையும் விடவில்லை. மூன்றரைப் பக்கம் வந்தது.

புதன்கிழமை ஆறரை மணிக்கு டிராக்டர் வந்துவிட்டது. பெட்டியில் பாத்திரம், பாய், கோழிக்கூடை, பிள்ளைகள். இலக்கியா கருவிப் பெட்டியை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டிருந்தபோது பாப்பாத்தி வந்து நின்றாள்.

"எழுதிக் குடு."

"இன்னாக்கா எழுதணும்?"

"எம் பொண்ணுக்கு வந்துச்சுன்னு. கரும்புத் தோட்டத்துல வேற ஊரு ஆளுங்களும் வருவாங்க. ஜெயம்மா வாய் சும்மா இருக்காது. மூணு மாசம் அங்கதான் கெடக்கணும்."

தனிப்பட்ட பிள்ளையைப் பற்றி எதுவும் எழுத்தில் தரக்கூடாது என்று விதி. இலக்கியா யோசித்தாள். பிள்ளையைப் பற்றித்தான் எழுதக்கூடாது. வெளிச்சத்தைப் பற்றி எழுதலாம். அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று சென்னையில் கேட்டால் மறுபடி இரண்டு பக்கம் எழுதச் சொல்வார்கள். கேட்கவில்லை. நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, ஓரத்தை மடித்து நேராக்கி, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

பாப்பாத்திக்குப் படிக்கத் தெரியாது. தாளைத் தலைகீழாக ஒரு முறையும் நேராக ஒரு முறையும் பார்த்துவிட்டு, டிராக்டர் பெட்டியில் உட்கார்ந்திருந்த தனுஷாவிடம் நீட்டினாள். "படி."

தனுஷா தலையில் கட்டியிருந்த துண்டை மேலே தள்ளிவிட்டு, எழுத்தெழுத்தாகப் படித்தாள். "தனுஷா, தந்தை பெயர் பாவாடை. நவம்பர் இருபத்தெட்டாம் தேதி... காலை பத்து நாற்பதுக்கு... எடுத்த அளவில்... இருபது இடங்களிலும் வெளிச்சம்... தடை... தடையின்றித் திரும்பி வந்தது. முன்பு வராததற்கு... முடி மட்டுமே காரணம். இப்படிக்கு, இலக்கியா."

"தடையின்றின்னா இன்னாம்மா?" என்று ஆகாஷ் தன் அம்மாவிடம் கேட்டான். ஜெயம்மாள் கோழிக்கூடையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"நடுவுல எங்கயும் நிக்கலன்னு அர்த்தம்," என்றாள் தனுஷா.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். பாப்பாத்தி பெட்டியில் ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்து, தாளில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். "மொதல்லேர்ந்து படி. வண்டிச் சத்தத்துல பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."